புல் வளர்ந்தது, பூச்சி அழிந்தது!

புல் ஓங்கி வளர்ந்தால் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இங்கிலாந்தில் நடந்ததோ நேர்மாறு. புல் வளர்ந்ததாலேயே அங்கு ஒரு வண்ணத்துப்பூச்சி இனம் பூண்டோடு அற்றுப்போயிற்று!

'பெரிய நீலம்' என்பது அதன் பெயர். தைம் என்னும் வாசனைச் செடியின் பூவில் அது முட்டையிடும். புழு சில வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒருவகைச் செவ்வெறும்பு, அதைத் தன் இனத்துப் புழு என்று ஏமாந்து புற்றுக்குத் தூக்கிச் செல்லும். விருந்தாளியோ, அங்கே எறும்பின் புழுக்களையே தின்று கொழுக்கும்!

இந்த எறும்புக்கு வெயில் காயும் சூடான மண் வேண்டும். அதற்கு ஆடுமாடுகளும் முயல்களும் மேய்ந்து, புல் கட்டையாக இருக்க வேண்டும். மேய்ச்சல் நிலங்கள் பல உழப்பட்டன. மிஞ்சிய சரிவுகளில் மேய்ச்சல் குறைந்தது. 1953-ல் வந்த மிக்சோமடோசிஸ் என்ற கொள்ளைநோயில் முயல்களும் மடிந்தன. புல் ஓங்கியது, மண் குளிர்ந்தது, எறும்பு மறைந்தது. 1979-ல் பூச்சியும் மறைந்தது.

பூச்சியைப் பிடிப்பவர்களைத் தடுக்கப் போட்ட வேலிகூட, ஆடுமாடுகளைத் தடுத்து வினையாக முடிந்தது!

இந்த மர்மத்தை 1970-களில் துலக்கியவர் விஞ்ஞானி ஜெரமி தாமஸ். பிறகு மேய்ச்சலை மீண்டும் தொடங்கி, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பலன் கிடைத்தது. தென்மேற்கு இங்கிலாந்தில் நீலச் சிறகுகள் மறுபடி பறக்கின்றன.

ஏர் பூட்டி உழுதால்தான் புல்வெளி அழியும் என்பதில்லை. மாடு வராமல் நின்றாலே போதும்!