-ஆம் ஒட்டும் நிகழ்வறிதலும்

சமூக ஊடகப் பதிவுகளிலிருந்து செய்தித் தகுதியுடைய நிகழ்வுகளைக் கணினி வழி இனங்காணும் முறைகள் பலவும் சொல் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு சொல் வழக்கத்தினும் மிகுதியாகக் குறுகிய நேரத்தில் பயின்று வரின், நிகழ்வொன்று நேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. 2010-இல் சப்பானிய ஆய்வாளர் சகாக்கியும் பிறரும் டுவிட்டர் பயனாளரை உணர்கருவிகளாகக் கொண்டு நிலநடுக்கங்களைக் கண்டறிந்தனர்.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு இம்முறை அப்படியே பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. 2011 கணக்கெடுப்பின்படி அங்குள்ள மக்கள் ஏறத்தாழ 3.8 இலட்சம் பேர். வங்காளம், தமிழ், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி முதலிய மொழிகள் அங்கு வழங்குகின்றன. சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வடம் சென்றதே 2020-இல்தான். பதிவுகள் சிலவாகி, அவையும் பல மொழிகளில் சிதறும்போது எண்ணிக்கை வலுவிழக்கிறது. ஒவ்வொரு பதிவின் மொழியமைப்பும் முதன்மை பெறுகிறது.

பேச்சுத் தமிழில் அமைந்த பின்வரும் மூன்று தொடர்களை நோக்குக:

(1) வீடு ஆடுச்சு.
(2) வீடு ஆடுச்சாம்.
(3) வீடு ஆடுச்சா?

முதலாவது கூற்று, இரண்டாவது பிறர்வாய்க் கேட்டது, மூன்றாவது வினா. ஒட்டுகளை நீக்கி அடிச்சொல்லை மட்டும் எண்ணும் நிரலுக்கு மூன்றும் ஒன்றே. இங்ஙனம் வதந்தியும் வினாவும் சான்றுகளாக எண்ணப்படுகின்றன.

இதன் விளைவு சிறிதன்று. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியது. நான்கு நாட்களுக்குப் பின், 30-ஆம் நாள் வெளியான எச்சரிக்கையால் கடலோர மக்கள் பெரும் அச்சத்துடன் வெளியேறினர், அலை வரவில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் நடுக்கத்தைக் கருவிகளால் அறியும். மக்களிடையே பரவுவது பட்டறிவா, கேள்வியா என்பதை மொழியே காட்டும்.

எனினும் -ஆம் ஒட்டினை மட்டும் நம்புதல் இயலாது. '30-ஆம்' என்பதில் அது எண்ணுமுறைப் பெயரை ஆக்குகிறது, 'பெரிய சுனாமியாம்!' என்பதில் ஏளனத்தையும் உணர்த்தக்கூடும். பிறர் செய்தியை அப்படியே படியெடுத்து அனுப்புவோர் அவ்வொட்டினைச் சேர்ப்பதுமில்லை. ஆதலின் முற்றுவினையின் இறுதியில் வரும் -ஆம் கேள்விச் செய்திக்கு அறிகுறியாகலாம். அஃதின்மை நேரில் கண்டதற்குச் சான்றாகாது.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். 'ஆடுச்சாம்' என்பதனை இந்தியில் 'சுனா ஹை' போன்ற தொடரின்றியோ, வங்காளத்தில் 'நாகி' போன்ற இடைச்சொல்லின்றியோ பெயர்த்தால், கேட்ட செய்தி கண்ட செய்தியாகிவிடும். ஓரசை ஒட்டே ஆயினும், அதனை இழக்கும் பெயர்ப்பு செய்தியின் நம்பகத்தன்மையையே மாற்றிவிடுகிறது.