செம்பு இடிப்பறவை

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யார் கதை சொல்லுவார்கள்? அம்மம்மாவா? அப்பப்பாவா?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அம்மம்மா இரவில் கதை சொல்லுவா. எனக்கு அவவின் தமிழ் பாதிதான் விளங்கும். "பிறகு என்ன நடந்தது அம்மம்மா?" என்று மட்டும் கேட்பேன். இப்போது என் மகள் கதை கேட்கும்போது, அந்தக் கதைகளின் தொடக்கம் நினைவு வருகிறது. முடிவு வருவதில்லை.

தாத்தா சொன்ன கதைகளை மறக்காமல் வைத்திருந்த ஒருவரைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம். அவர் கதைகளை எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. வரைந்தும் வைத்தார். அவர் பெயர் நோர்வல் மொரிசோ.

தாத்தாவின் பேரன்

மொரிசோ ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே, நிப்பிகன் ஏரிப் பக்கத்தில் வளர்ந்தவர். அவர் அனிஷினாபே இனத்தைச் சேர்ந்தவர். அனிஷினாபே மக்கள் கனடாவின் முதற்குடி மக்களில் ஓர் இனத்தவர். நாங்கள் எல்லோரும் இங்கே வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள்.

மொரிசோவைத் தாயின் பெற்றோர்தான் வளர்த்தார்கள். அதாவது, அவருடைய அம்மம்மாவும் தாத்தாவும். தாத்தாவுக்கு இனத்தின் பழைய கதைகள் நிறையத் தெரியும். கரடி, மீன், பாம்பு, இடிப்பறவை என்று எத்தனையோ கதைகள். அம்மம்மா தேவாலயத்துக்குப் போகிறவர். ஒரே வீட்டில் இரண்டு உலகங்கள்!

ஆறு வயதில் அவரை வீட்டிலிருந்து பிரித்து, தூரத்தில் இருந்த வதிவிடப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் முதற்குடிப் பிள்ளைகளை இப்படித்தான் கொண்டுபோனார்கள். அந்தப் பாடசாலைகளில் பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியைப் பேசினால் தண்டனை கிடைக்கும். யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வர உங்களுக்குச் சில நாள் அலுப்பாக இருக்கும். ஆனால் "தமிழ் பேசினால் அடிப்போம்" என்று யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

சில ஆண்டுகளின் பின் மொரிசோ ஊருக்குத் திரும்பினார். தாத்தாவின் கதைகள் அவர் மனதில் அப்படியே இருந்தன.

பெயர் தந்த உயிர்

பத்தொன்பது வயதில் மொரிசோவுக்குக் கடும் நோய் வந்தது. பிழைப்பாரா என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது மருந்து தெரிந்த மூதாட்டி ஒருவர் அவருக்குப் புதிய பெயர் ஒன்றைக் கொடுத்தார். பலமான பெயர் ஒருவருக்குப் புதிய பலத்தைக் கொடுக்கும் என்பது அனிஷினாபே மக்களின் நம்பிக்கை.

அந்தப் பெயர், 'செம்பு இடிப்பறவை'. இடிப்பறவை சிறகை அடித்தால் இடி முழங்கும், கண்ணைத் திறந்தால் மின்னல் வரும் என்று கதைகள் சொல்லும். செம்பு அவர்களுக்குப் புனிதமான உலோகம்.

மொரிசோ பிழைத்தார். அதன் பிறகு தன் ஓவியங்களில் அந்தப் பெயரையே கையெழுத்தாகப் போட்டார். எந்த எழுத்தில் தெரியுமா? ஆங்கில எழுத்தில் இல்லை. கிறீ மொழியின் அசை எழுத்தில். அந்த எழுத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய மனைவி.

அந்த எழுத்து எங்கள் தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. தமிழில் 'க' என்ற எழுத்தில் ஓர் அடையாளத்தைச் சேர்த்தால் 'கா', 'கி', 'கெ' என்று ஒலி மாறும். கிறீ எழுத்தில் அதே வடிவத்தைத் திருப்பி வைப்பார்கள். மேலே பார்த்தால் ஓர் ஒலி, பக்கத்தில் பார்த்தால் இன்னோர் ஒலி.

ரொறன்ரோவில் ஒரு நாள்

1962ஆம் ஆண்டு ஜாக் பொலொக் என்பவர் வடக்கு ஒன்ராறியோவுக்கு ஓவியம் கற்பிக்கப் போனார். அவர் ரொறன்ரோவில் ஓவியக்கூடம் வைத்திருந்தவர். அங்கே மொரிசோவின் படங்களைப் பார்த்து வியந்துபோனார். அதே ஆண்டு ரொறன்ரோவில் மொரிசோவின் கண்காட்சியை நடத்தினார். வைத்த ஓவியங்கள் எல்லாமே விற்றுப் போயின! யாருக்கும் தெரியாமல் இருந்த ஓர் இளம் ஓவியரின் பெயர் நாடு முழுவதும் தெரிய வந்தது.

ஆனால் எல்லோருக்கும் மகிழ்ச்சி இல்லை. "இவை புனிதமான கதைகள். வெளியாருக்குக் காட்டக் கூடாது" என்று அவருடைய மக்களில் சிலர் கோபித்தார்கள். வரையாவிட்டால் கதைகள் அழிந்துவிடும் என்று மொரிசோ பயந்தார். நீங்கள் யார் பக்கம்? இது சுலபமான கேள்வி இல்லை. இரண்டு பக்கமும் அதே கதைகளை நேசித்தவர்கள்தான்.

அக்ரிலிக் என்றால் என்ன?

தொடக்கத்தில் மொரிசோ மரப்பட்டையிலும் பழுப்புத் தாளிலும் வரைந்தார். பிறகு துணியில் அக்ரிலிக் வர்ணத்தால் பெரிய ஓவியங்கள் வரைந்தார்.

அக்ரிலிக் வர்ணத்தில் மூன்று பொருட்கள் இருக்கின்றன: நிறத்தூள், தண்ணீர், மிகச் சின்னப் பிளாஸ்டிக் துணிக்கைகள். பூசியவுடன் தண்ணீர் ஆவியாகிப் போகும். பிளாஸ்டிக் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய தோல்போல ஆகும். நிறத்தூள் அதற்குள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஈரமாக இருக்கும்போது தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம். காய்ந்த பிறகு கழுவ முடியாது. உங்கள் சட்டையில் பட்டால் அம்மா ஏன் உடனே ஓடி வருகிறா என்று இப்போது விளங்குகிறதா?

எண்ணெய் வர்ணம் காய நாட்கணக்கில் ஆகும். அக்ரிலிக் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். நிறமும் பளிச்சென்று இருக்கும். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தைக் கலங்காமல் வைக்கலாம். மொரிசோவின் ஓவியங்களுக்கு இது நன்றாகப் பொருந்தியது.

ஓவியத்தை எப்படி வாசிப்பது?

கறுப்புக் கோடுகள்: உருவங்களைச் சுற்றித் தடித்த கோடுகள் இருக்கும். அவற்றுக்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒளிரும் நிறங்கள். தேவாலயத்தின் வர்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்லுவார்கள். அம்மம்மாவின் உலகமும் படத்துக்குள் வந்துவிட்டது!

உள்ளே தெரியும் உடல்: எக்ஸ்ரே படம்போல, விலங்குகளின் உடலுக்குள் இருப்பவையும் தெரியும்.

இணைக்கும் கோடுகள்: மனிதனிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் கோடுகள் ஓடும். ஓர் உயிரின் பலம் இன்னோர் உயிருக்குப் போகிறது என்பது பொருள்.

பிரிந்த வட்டம்: இரண்டாகப் பிரித்த வட்டம், பகலும் இரவும்போல எதிரெதிரான இரண்டு சேர்ந்திருப்பதைக் காட்டும்.

1977இல் மொரிசோ 'இடிப்பறவையாக மாறும் மனிதன்' என்ற ஓவியத்தை வரைந்தார். அதில் ஆறு பகுதிகள். முதல் பகுதியில் ஒரு மனிதன் நிற்கிறான். ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு போனால், அவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். கடைசியில் முழுப் பறவை! அவருடைய பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்படியென்றால் அந்த மனிதன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

போய்ப் பாருங்கள்

மொரிசோ 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ரொறன்ரோவில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு ஒட்டாவாவில் உள்ள தேசிய ஓவியக்கூடம் அவருடைய ஓவியங்களுக்கு மட்டும் ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. முதற்குடி ஓவியர் ஒருவருக்கு அங்கே தனிக் கண்காட்சி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ரொறன்ரோவுக்கு வடக்கே கிளைன்பேர்க் என்ற ஊரில் மக்மைக்கல் ஓவியக்கூடம் இருக்கிறது. அங்கே அவருடைய ஓவியங்களைப் பார்க்கலாம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இணைக்கும் கோடுகளை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா, ஏன் எல்லாரையும் கயிற்றால கட்டி வைச்சிருக்கிறார்?"

"கட்டி வைக்கேல்லை அம்மா. ஆரும் தொலைஞ்சு போகாமல் பிடிச்சிருக்கிறார்."

அன்று இரவு நான் என் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மம்மாவின் கதைகளுக்கு முடிவு என்ன என்று கேட்டேன். ஒரு கதையின் முடிவு கிடைத்துவிட்டது. மற்றக் கதைகளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொற்பொருள்

முதற்குடி மக்கள் – ஒரு நாட்டில் முதன்முதலில் வாழ்ந்த மக்கள்
வதிவிடப் பாடசாலை – பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலை
துணிக்கை – மிகச் சிறிய துண்டு
தூரிகை – வர்ணம் பூசும் கருவி

செய்து பாருங்கள்

1. மொரிசோவுக்கு 'செம்பு இடிப்பறவை' என்ற பெயர் ஏன் கிடைத்தது?
2. காய்ந்த அக்ரிலிக் வர்ணத்தை ஏன் தண்ணீரில் கழுவ முடியாது?
3. உங்கள் பெயரை யார் வைத்தார்கள்? அதன் பொருள் என்ன? வீட்டில் கேட்டு ஐந்து வசனங்கள் எழுதுங்கள்.
4. தாத்தா, பாட்டி அல்லது வேறு ஒரு பெரியவரிடம் ஒரு கதை கேளுங்கள். முடிவையும் மறக்காமல் கேளுங்கள். பிறகு அதை வரையுங்கள்.