பலா மரமும் கண்ணாடிக் குடுவையும்

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையையும் பலாவையும் சாய்த்துச் சென்றதை யாவரும் அறிவர். தென்னையைப் பற்றிப் பலர் எழுதினர். யாம் ஈண்டுக் கருதுவது பலாவை. அயல் மகரந்தத்தாற் காய்ப்பதாகலின், தேனொக்கும் சுளையுடைய மரத்தின் கொட்டையை நட்டாலும் தாயின் சுவை பிள்ளைக்கு வருமென்பது உறுதியன்று. எனவே நன்மரமொன்று வீழின் அச்சுவையே அழிந்தொழிதல் கூடும். இதற்கு ஒட்டுக்கட்டுதல் பழைய மருந்து. திசு வளர்ப்பு புதிய மருந்து.

செடியின் உயிரணு ஒவ்வொன்றும் முழுச் செடியாகும் ஆற்றலுடையது என்னும் கருத்தை 1902-இல் ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட் வெளியிட்டார். அவர்தம் சோதனையோ பலிக்கவில்லை. 1957-இல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் புகையிலைத் திசுவைக் கொண்டு மறையை அவிழ்த்தனர். ஆக்சின், சைட்டோகைனின் என்னும் ஊக்கிகளுள் முன்னது மிகின் வேரும், பின்னது மிகின் தளிரும் தோன்றும் என்பதே அவர் கண்டது. ஆகவே மொட்டொன்றைக் கிள்ளிக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புக்களும் கலந்த அகர்க் கூழின்மேல் வைப்பின் ஒன்று பலவாகும். அவற்றைப் பிரித்து வேறு குடுவைகளில் வேரூன்றச் செய்யலாம். வாழையில் இஃது இன்று பெருந்தொழில்.

மரங்களோ எளிதில் இணங்குவன அல்ல. பலாவின் வெட்டுவாய் கறுத்து, அக்கறுப்புக் கூழிற் பரவி மொட்டைக் கொல்லும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இளங்கன்றின் மொட்டு விரைந்து தழைக்கும். ஆயின் அதன் கனி எத்தகையதென யார் அறிவார்? கனியால் அறியப்பட்ட முதுமரத்தின் மொட்டோ குடுவையில் சோம்பிக் கிடக்கும். எனினும் இஃது இயலாததன்று. புனே நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார் 1980-இல் நூறாண்டு முதிர்ந்த தேக்கின் மொட்டினின்றே கன்றுகள் எடுத்தனர்.

ஒரே தாயின் படிகளால் தோப்பை நிரப்புதலும் தகாது; ஒன்றைப் பற்றும் நோய் அனைத்தையும் பற்றும். நம் மாவட்டத்துத் தைலமரக் காடுகளைக் கண்டோர்க்கு ஒரே மரம் நெடுக நிற்பதன் தோற்றம் தெரியும். நிலத்தடி நீரைப் பற்றி உழவர் முறையிடுவதும் கேட்டிருப்பர். பல ஊர்களினின்றும் தாய்மரங்களைத் தெரிந்து கொள்ளுதலே தக்கது.

குடுவையின் ஈரத்தில் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகு மெல்லியது. இலைத்துளைகள் மூடக் கல்லா. புதுக்கோட்டை வெயிலில் உடனே நட்டால் ஒரு பகலும் தாங்காது. நிழற்கூரையின் கீழ், நீர்த்துளி தூவி, நாளுக்கு நாள் ஈரத்தைக் குறைத்துச் சில வாரம் பழக்கிய பின்னரே செம்மண்ணில் இறக்குதல் வேண்டும்.