சுக்கிரனுக்குப் பதினாறாயிரம்!

கல்யாண வயதில் இருக்கும் இளைஞர்கள் பேப்பர், பேனா எடுத்துக் கொள்ளுங்கள். சின்னக் கணக்கு ஒன்று. சுக்கிர பகவானுக்கு ஜபம் 16,000 தடவை என்பது ஜோசியர்கள் பரவலாகச் சொல்லும் எண்ணிக்கை. ஒரு தடவை சொல்ல நாலு விநாடி என்று வைத்துக் கொண்டால் மொத்தம் 64,000 விநாடி. கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம்! தினம் 108 என்று தவணை முறையில் கட்டினால் 149-வது நாள் கடன் தீரும். வட்டி கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

இந்தக் கணக்கை நான் போட்டது என் ஆபீஸ் நண்பனுக்காக. ஊர் ஆழ்வார்குறிச்சி. வேலை திருநெல்வேலியில். வயது முப்பத்திரண்டு. ஏழு இடத்தில் பெண் பார்த்து, ஏழு இடத்திலும் கேசரி சாப்பிட்டு, ஏழு இடத்திலிருந்தும் 'அப்புறம் சொல்லி அனுப்புதோம்' என்ற பதிலோடு திரும்பியவன். ஜாதகத்தைப் பார்த்த ஒரு ஜோசியர், "கன்னியில் சுக்கிரன் நீசம். அப்புறம் கன்னி எங்கேயிருந்து கிடைப்பாள்?" என்றாராம். சிலேடைக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் பரிகாரத்துக்கு வாங்குவாராம். நண்பன் ஜபம் பண்ண வேண்டியதில்லை. அவரே ஆள் வைத்துப் பதினாறாயிரமும் சொல்லி முடித்துவிடுவார். ரூபாய் பதினெட்டாயிரம்.

"கொடுத்துரலாம்னு பாக்கேன் வே" என்றான் நண்பன். கல்யாணச் செலவுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. கல்யாணம் நடப்பதற்காகக் கல்யாணப் பணத்தைச் செலவழிப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. "முதல்ல அந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம்னு கேட்டுட்டு வருவோம்" என்று ஒரு வெள்ளிக்கிழமை அவனோடு ரயில் ஏறினேன்.

ஆழ்வார்குறிச்சி அழகான ஊர். மேற்கே மலை, பக்கத்தில் கடனாநதி, கொஞ்சம் தள்ளிச் சிவசைலம் கோயில். 2019-ல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் பேச்சு இன்னும் அசல் நெல்லைதான். நண்பன் வீட்டுத் தெருவில் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். சமஸ்கிருதமும் தெரிந்தவர். திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார்.

"ஏலே, நவக்கிரகத்துக்கு ஒம்பது சுலோகம் இருக்குல்லா? வியாசர் பண்ணினதுன்னு சொல்லுவாவ. அதுல சுக்கிரன் சுலோகத்தை நீ சொல்லுதியே, அதுல என்னத்தலே கேக்க?"

நண்பன் முழித்தான். வாத்தியார் பதம் பிரித்தார். பனி போல, குந்த மலர் போல, தாமரைத் தண்டு போல வெள்ளை நிறத்தவர். அசுரர்களின் குரு. எல்லா சாஸ்திரமும் எடுத்துச் சொன்னவர். பிருகுவின் பிள்ளை. அவரை வணங்குகிறேன். தீர்ந்தது!

"பொண்ணு எங்க தாத்தா?"

"இல்லலே."

"துட்டு?"

"அதுவும் இதுல இல்ல. ஒம்பதும் சொல்லி முடிச்ச பொறவு பலன் சொல்லுத இடத்துல ஐசுவரியம் வருது, ஆரோக்கியம் வருது, கெட்ட சொப்பனம் போகும்னு வருது. கல்யாணம்னு ஒரு வார்த்தை கெடையாது."

நண்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழாவது வீட்டுக் கேசரிக்குப் பிறகு கூட அவன் அப்படி வாடியதில்லை.

வாத்தியார் விடவில்லை. காதலுக்கு அதிபதி என்கிறோமே, அந்தச் சுக்கிராச்சாரியார் சொந்த வீட்டில் நடந்தது என்ன? மகள் தேவயானி, அப்பாவிடம் படிக்க வந்த கசனை விரும்பினாள். கசனை அசுரர்கள் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிட்டார்கள். குருவும் குடித்துவிட்டார். மகள் அழுகிறாள் என்பதற்காகச் செத்தவரை எழுப்பும் சஞ்சீவினி மந்திரத்தைச் சொல்லி, தன் வயிறு கிழிய அவனை வெளியே வரவழைத்தார். அவனோ, "உன் அப்பா வயிற்றிலிருந்து வந்தேன். நீ எனக்குத் தங்கை முறை" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். பிறகு யயாதிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் சர்மிஷ்டையோடு ரகசியக் குடித்தனம் நடத்தினான். செத்தவனை எழுப்பத் தெரிந்தவருக்கு, மாட்டேன் என்றவனைச் சம்மதிக்க வைக்கத் தெரியவில்லை.

"அவரே அப்படித் திண்டாடியிருக்காரு. பதினெட்டாயிரத்துக்கு ஒனக்கு முடிச்சுத் தருவாராக்கும்?"

பிறகு காதல் இலாகா இவருக்கு எப்படி வந்தது? ஜோதிடத்தில் களத்திரகாரகன் அவர்தான். தசை நடத்துவதிலும் 120 வருஷத்தில் 20 வருஷம், ஒன்பது பேரில் அதிகப் பங்கு, அவருக்கு. 'சுக்கிர தசை அடிச்சுட்டுது' என்று சும்மாவா சொல்கிறோம்? ரோமாபுரிக்காரர்களும் இதே கிரகத்துக்குத்தான் காதல் தேவதையின் பெயரை வைத்தார்கள். பழந்தமிழர் கவலை வேறு. பட்டினப்பாலை தொடக்கத்திலேயே வெள்ளி வருகிறது. அது தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற பயம். வயல்காரனுக்கு மழைதானே ஐசுவரியம்! (விஞ்ஞானி சொல்லும் வெள்ளியில் சூடு 460 டிகிரிக்கு மேல், மேகமெல்லாம் கந்தக அமிலம். தேனிலவுக்கு உகந்த இடமில்லை.)

சுக்கிரனைக் கும்பிட ஆசையா? தாமிரபரணிக் கரை போதும். நவகைலாயத்தில் முதலாவது, ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாபநாசம். அது சூரியனுக்கு. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது பூக்களில் கடைசிப் பூ ஒதுங்கிய இடம், கடல் பக்கம் சேர்ந்தபூமங்கலம். அது சுக்கிரனுக்கு. தென்திருப்பேரையில் இன்னும் வேடிக்கை. சிவன் கோயில் நவகைலாயக் கணக்கில் புதனுக்கு, பெருமாள் கோயில் நவதிருப்பதிக் கணக்கில் சுக்கிரனுக்கு! மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கு அரசு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆளுக்கு ஒரு டிக்கெட், ஒரு பொட்டலம் புளியோதரை. பதினெட்டாயிரம் ஆகாது.

கிளம்பும்போது நண்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அப்ப சொல்ல வேண்டாமா தாத்தா?"

"சொல்லுலே! யாரு வேண்டாம்னா? நீ சொல்லு. கூலிக்கு ஆள் வைக்காத. ஒனக்குப் பசிச்சா அவனா சாப்பிடுவான்?"

பதினெட்டாயிரம் பேங்க்கிலேயே இருக்கிறது. நண்பன் மட்டும் தினமும் காலை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வருகிறான். அம்பாசமுத்திரம் வருவதற்குள் 108 முடிந்துவிடுமாம். முன்பெல்லாம் அந்த நேரத்தில், 'நமக்கு ஏன் அமையல வே?' என்று எனக்குப் போன் போட்டுப் புலம்புவான். இப்போது அந்தப் போன் வருவதில்லை. சுக்கிரன் எனக்குச் செய்த முதல் நன்மை.

சென்ற வாரம் எட்டாவது ஜாதகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் கன்னியில்தான் சுக்கிரன்! போனில் பேசியபோது இவன் ஜபக் கதையை உளறியிருக்கிறான். "பதினாறாயிரத்துல எவ்வளவு ஆச்சு?" என்று அவள் கேட்டாளாம். "ஒன்பதாயிரத்துச் சொச்சம்." "சரி, மிச்சத்த நாம பாத்துக்கிடலாம்" என்றாளாம்.

வருகிற ஞாயிறு நேரில் பார்க்கப் போகிறார்கள். சுக்கிரனுக்கு உகந்தது மொச்சைதானே, ஒரு தூக்குச் சட்டியில் மொச்சைச் சுண்டல் எடுத்துப் போகட்டுமா என்று கேட்கிறான். பூ போதும் என்று சொல்லியிருக்கிறேன்.