பழுதில்லாமல் விழும் பிரேக்கர்

துணை மின்நிலையத்தில் பராமரிப்பு முடிந்து டிரான்ஸ்ஃபார்மரை ‘சார்ஜ்’ செய்கிறார்கள். பிரேக்கர் மூடிய மறுகணமே திறந்துகொள்கிறது. டிஃபரென்ஷியல் ரிலேதான் டிரிப் கொடுத்திருக்கிறது. எண்ணெயைச் சோதித்தாலும் காப்பை அளந்தாலும் ஒரு பழுதும் அகப்படுவதில்லை.

இந்த ரிலே ஒரு கணக்குப்பிள்ளை. இருபக்க சி.டி.க்களின் (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்களின்) வழியே போன மின்னோட்டத்தையும் வந்த மின்னோட்டத்தையும் வாங்கி, சுற்று விகிதத்துக்கு ஏற்பச் சரிக்கட்டி ஒப்பிடும். வித்தியாசம் வரம்பை மீறினால் உள்ளே ஷார்ட் என்று முடிவுகட்டிவிடும்.

மின்னழுத்த அலை சுழியத்தைக் கடக்கும் நேரத்தில் பிரேக்கர் மூடினால், உள்ளகத்தின் காந்தப்பாயம் வழக்கமான உச்சத்தின் இருமடங்கை நோக்கி ஏறும். முன்பு அணைத்தபோது தங்கிய எச்சக் காந்தமும் அதே திசையில் இருந்தால் அதற்கும் மேலே போகும். இரும்பு தெவிட்டிவிடும், பிறகு மின்னோட்டத்துக்குத் தடை மிகக் குறைவு. 110/11 கிலோவோல்ட், 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் 110 பக்கத்து முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 84 ஆம்பியர். சார்ஜ் செய்யும் கணத்தில் எட்டு மடங்குகூடப் பாயலாம். 11 பக்கமோ திறந்தே கிடக்கிறது. கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்?

சார்ஜ் செய்யும்போது மட்டும் ரிலேயைத் தாமதப்படுத்துவது பழைய வழி. மோசமான வழியும்கூட: உள்ளே பழுதிருந்தால் அது வெளிப்படுவதே அப்போதுதான். 1938இல் கென்னடி, ஹேவர்ட் என்ற இரு பொறியாளர்கள் எழுதிய கட்டுரை, அளவோடு அலையின் வடிவத்தையும் பார்க்கும் ரிலேயை விவரித்தது. சார்ஜிங் மின்னோட்டம் ஒரே பக்கம் துருத்தி, இடையிடையே படுத்துக் கிடக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸோடு 100 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டாம் ஹார்மோனிக், தாராளமாகக் கலந்திருக்கும். பழுது மின்னோட்டத்தில் அது சொற்பம். அந்தப் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் டிரிப்பை நிறுத்திவை என்பதே இன்றும் பரவலான அமைப்பு.

ஆனால் நவீன உள்ளக இரும்பில் ஏதாவது ஒரு ஃபேஸில் இந்தப் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. ஒரு ஃபேஸ் அடையாளம் காட்டினாலே மூன்றையும் தடுக்கும் ‘கிராஸ் பிளாக்கிங்’ இதற்கு மருந்து. பக்கவிளைவும் உண்டு: ஒரு ஃபேஸில் உண்மையான பழுது இருந்தாலும் மற்ற இரண்டின் ஹார்மோனிக் ரிலேயைக் கட்டிப்போடும். ஆகவே தடையைச் சில சைக்கிள்களுக்குள் முடித்து, எந்தத் தடைக்கும் கட்டுப்படாத ‘ஹை-செட்’டையும் அருகில் வைக்க வேண்டும்.

செட்டிங்கில் கை வைக்குமுன் ரிலேயில் பதிவான அலையை எடுத்துப் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது அமைதியாக இருந்துவிட்டு, லோடு ஏறியதும் டிரிப் ஆனால் ஹார்மோனிக் வரம்பை மாற்றிப் பயனில்லை, முதலில் சி.டி. போலாரிட்டியையும் வெக்டர் குரூப்பையும் சரிபாருங்கள்.