உங்களுக்குத் தெரியுமா? வெயிலிலும் காற்றிலும் ஓடும் கணினிகள்

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்குபவர் போனில் பணம் அனுப்புகிறார். சிதம்பரத்தில் ஒரு மாணவி தேர்வு முடிவு பார்க்கிறார். இரண்டு வேலைகளையும் எங்கோ ஒரு டேட்டா சென்டரின் சர்வர்கள்தான் செய்து முடிக்கின்றன. இரவும் பகலும் ஓடும் அவற்றுக்கு மலிவான, புகையில்லாத மின்சாரம் தர முடியுமா? முடியும். எப்படி என்பதைச் சொல்லும் சில தகவல்கள் இங்கே.

● உலகத்தின் பில்
2024-இல் உலக டேட்டா சென்டர்கள் செலவழித்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின் பயன்பாட்டில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-க்குள் இது 94,500 கோடி யூனிட்டை எட்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது.

● ஒரு மெகாவாட்டின் பசி
ஒரு மெகாவாட் மின்சாரம் இழுக்கும் டேட்டா சென்டர் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் ஆகும். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் ஆண்டுக்கு 87.6 லட்சம் ரூபாய் மிச்சம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15, 16 லட்சம் யூனிட் தரும். ஆக, ஒரு மெகாவாட் டேட்டா சென்டரின் ஆண்டுத் தேவைக்கு ஐந்து மெகாவாட்டுக்கு மேல் சோலார் வேண்டும். ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் நாலைந்து ஏக்கர் நிலம் வேண்டும். அதனால், பசுமை மின்சாரம் தேடுவதற்கு முன்னால் மின் செலவைக் குறைப்பதுதான் முதல் வேலை.

● நெய்வேலியில் இரண்டு காலம்
கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1962-இல் முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2018-இல், அதே நெய்வேலியில் 130 மெகாவாட் சோலார் நிலையம் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும் அந்த நிறுவனம் சோலார் நிலையங்களை நிறுவியிருக்கிறது. நிலக்கரி தோண்டவே பிறந்த நிறுவனத்தால் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்க முடிகிறது என்றால், டேட்டா சென்டர்கள் தயங்கக் காரணமே இல்லை.

● நெற்பயிரின் விலை
2023 ஜூலையில் நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் பணி நடந்தது. வளையமாதேவியில் வயலில் நின்ற நெற்பயிரின் மேலேயே மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நிலக்கரி மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பில்லில் வராத ஒரு விலை உண்டு. அதை இந்த மாவட்டத்து மக்கள் நேரில் அறிவார்கள்.

● 10.95-இலிருந்து 1.99
2010-இல் நாட்டின் முதல் பெரிய சோலார் ஏலத்தில் ஒரு யூனிட்டின் மிகக் குறைந்த விலை 10 ரூபாய் 95 காசு. 2017-இல் தமிழ்நாடு மின்வாரியத்தின் ஏலத்தில் அது 3 ரூபாய் 47 காசாக இறங்கியது. 2020-இல் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு வரை வந்தது. இன்று பசுமை மின்சாரம் கேட்பவர் விலை குறைந்த மின்சாரத்தைத்தான் கேட்கிறார்.

● கத்திரி வெயில் சோலாருக்குப் பிடிக்காது
சோலார் தகட்டுக்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. தகட்டின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அதனால்தான் தகட்டுக்கு அடியில் காற்றோட இடம் விட்டு நிறுவுகிறார்கள்.

● குளிர்விக்கும் செலவு
சர்வர் செலவழிக்கும் மின்சாரத்தோடு ஏசி, யு.பி.எஸ்., விளக்கு எல்லாவற்றின் செலவையும் சேர்த்து, அந்த மொத்தத்தைச் சர்வர் செலவால் வகுத்தால் வருவது பி.யு.இ. என்னும் எண். ஒன்றுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. சர்வர்கள் ஒரு மெகாவாட் இழுக்கும் இடத்தில் இந்த எண்ணை 1.5-இலிருந்து 1.2-க்கு இறக்கினால் ஆண்டுக்கு 26 லட்சம் யூனிட் மிச்சமாகும். ஒன்றரை மெகாவாட்டுக்கு மேல் சோலார் போட்ட பலன் இது, ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காமல்.

● சர்வருக்கு ஸ்வெட்டர் குளிர் வேண்டாம்
சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. 27 டிகிரி போதும் என்கிற அறையை 20 டிகிரிக்குக் குளிர்விப்பது வீண் செலவு.

● திருச்சியில் திரவக் குளிர்ச்சி
2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. அதன் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அறை முழுவதையும் குளிர்விப்பதற்குப் பதிலாக, சூடு பிறக்கும் இடத்துக்கே திரவத்தைக் கொண்டுபோகும் முறை அதில் இருக்கிறது. சூட்டைச் சுமப்பதில் காற்றைவிடத் திரவம் பல மடங்கு திறமையானது.

● வீராணத்துக்கும் சர்வருக்கும் என்ன உறவு?
கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில்தான் தமிழ்நாட்டின் பெரிய டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கின்றன. சென்னைக்கு வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாயில் தண்ணீர் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். கடலூர் மாவட்டத்தில் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனமும் இதே ஏரியை நம்பியிருக்கிறது. குளிர்விப்புக் கோபுரம் வைத்த டேட்டா சென்டர் தண்ணீரை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அனல்மின் நிலையமும் அப்படியே. சோலாருக்கோ தகடு கழுவத் தண்ணீர் இருந்தால் போதும். சென்னையில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் இந்த ஏரியை நம்பிய காட்டுமன்னார்கோவில் வயல்களுக்கு நல்ல செய்தி.

● பரங்கிப்பேட்டைக் கடல் உதவுமா?
பின்லாந்தின் ஹமினாவில் ஒரு பழைய காகித ஆலையை 2009-இல் வாங்கிய கூகுள், பால்டிக் கடலின் குளிர்ந்த நீரால் சர்வர்களைக் குளிர்விக்கிறது. பரங்கிப்பேட்டையை ஒட்டிய நம் வங்கக்கடலின் மேற்பரப்பு நீர் ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். காற்றில் ஈரப்பதமும் அதிகம். அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்காது. நமக்கான தீர்வை வெயிலிலும் தென்மேற்குப் பருவக்காற்றிலும்தான் தேட வேண்டும்.

● சும்மா இருந்தாலும் பாதிச் செலவு
வேலையில்லாமல் விழித்திருக்கும் சர்வர், முழுவேகத்தில் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை இழுக்கும் என்று கூகுள் பொறியாளர்கள் 2007-இல் எழுதினார்கள். பிறகு சர்வர்கள் மேம்பட்டன என்றாலும் பாடம் மாறவில்லை. அரைகுறையாக ஓடும் பத்து சர்வர்களின் வேலையை நாலில் அடக்கிவிட்டு, மீதியை அணைப்பதே மலிவு.

● காற்றாலை சீசன்
தமிழ்நாட்டில் காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. சோலார் பகலில் தரும், பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை இரவிலும் தரும். 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைப் பயன்படுத்துபவர்கள் அதைச் சொந்த நிலையமாகவே கணக்குக் காட்டலாம். பல நிறுவனங்கள் கூட்டாகவும் இப்படிச் செய்யலாம். இதுதான் 'குரூப் கேப்டிவ்'. பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் வசதிக்குப் பெயர் 'பசுமை ஓப்பன் ஆக்சஸ்'. 2022-இல் மத்திய அரசு அதற்கான குறைந்தபட்ச வரம்பை ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தது. நடுத்தர அளவு டேட்டா சென்டருக்கும் கதவு திறந்துவிட்டது.

● வேலையை வெயிலுக்கு நகர்த்தலாம்
2020-இல் கூகுள் தன் டேட்டா சென்டர்களில் ஒரு மாற்றம் செய்தது. வீடியோவைப் பதப்படுத்துவது போன்ற அவசரமில்லாத வேலைகளை, காற்றும் சூரியனும் அதிகம் மின்சாரம் தரும் நேரத்துக்குத் தள்ளிவைத்தது. பணம் அனுப்பும் வேலை காத்திருக்க முடியாது. பேக்கப்பும் ஏ.ஐ. பயிற்சியும் காத்திருக்கும். உருக்காலையை மதியத்துக்கு மட்டும் ஓட்ட முடியாது. கணினி வேலையில் ஒரு பங்கை அப்படி ஓட்டலாம். 

● அந்தமானில் நெய்வேலி
பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த தெற்கு அந்தமானில் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சோலார் நிலையமும், 8 மெகாவாட்-மணி பேட்டரியும் அமைத்தது. மேகம் மறைத்தாலும் மின்சாரம் சட்டென்று விழாமல் இந்தப் பேட்டரி தாங்குகிறது. டேட்டா சென்டர்களின் டீசல் ஜெனரேட்டர்களுக்கு மாற்று தேடுபவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

● '100 சதவீதம் பசுமை' என்றால்?
பெரும்பாலும் அது ஆண்டுக் கணக்கு. ஆண்டு முழுக்கச் செலவான யூனிட்டுக்குச் சமமாகப் பசுமை யூனிட் வாங்கியிருப்பார்கள். நள்ளிரவில் ஓடும் சர்வருக்கு நிலக்கரி மின்சாரமே வந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பசுமை மின்சாரம் என்பதே சரியான இலக்கு. தமிழ்நாடு தனி டேட்டா சென்டர் கொள்கையை 2021-இல் வெளியிட்டது. இனி வரும் அனுமதிகளில் மணிக்கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று அரசு கேட்க வேண்டும். நிலத்தையும் நீரையும் கொடுத்த கடலூர் மாவட்டத்துக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் முழு உரிமை இருக்கிறது.

● நீங்களும் தொடங்கலாம்
கூரையில் சோலார் உள்ள பள்ளியோ கல்லூரியோ அலுவலகமோ உங்களுடையது என்றால், பேக்கப், அப்டேட், லேப்டாப் சார்ஜ் எல்லாவற்றையும் காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணிக்குள் வையுங்கள். மாலையில் கம்ப்யூட்டர் லேப்பை முழுமையாக அணையுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், நேர அட்டவணையை மாற்றினாலே போதும். அடுத்த மின்கட்டணத்திலேயே வித்தியாசம் தெரியலாம்.