ஷவர் குழாயின் பழுதும் பராமரிப்பும்

குற்றாலத்து அருவியின் கீழ் ஒருமுறையேனும் தலை கொடுத்து நின்றவர்களுக்கு, மேலிருந்து விழும் நீரில் குளிப்பதன் இன்பத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வின்பத்தில் ஒரு சிறு பங்கை வீட்டுக்குள் கொணர்ந்து தருவதே ஷவர். தோட்டத்துப் பூவாளியின் முகத்தைக் குழாயின் நுனியில் பொருத்தினாற் போன்றது அது. அதனினும் சிக்கலான பொறி எதுவும் அதன் முகத்தில் இல்லை. ஆயினும் அது பழுதுபட்டால் விளையும் தொல்லை சிறிதன்று.

கொல்கத்தாவின் கிழக்கே உள்ள நியூ டவுனில் நாம் குடியேறிய முதல் குளிர்காலத்தில் இதனை நேரில் உணர்ந்தோம். 1999ஆம் ஆண்டில் தோன்றிய ஹிட்கோ என்னும் அரசு நிறுவனத்தின் திட்டப்படி எழுந்த புதுநகரம் அது. நம்முடன் தங்கவந்த தந்தையார் முதுமையால் குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள இயலாதவர். ஆயினும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வழக்கத்தை விடாதவர். ஷவரில் நீர் நூல் நூலாக வடிந்தமையால், ஒரு நாள் அவர் வெந்நீர்த் திருகை மேலும் திறந்தார். அதே வேளையில் நாம் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டோம். தண்ணீரின் வரத்துக் குறையவே, வெந்நீர் மட்டும் அவர் தோள்மீது கொட்டியது. நல்லவேளையாகத் தோல் சிவந்ததோடு போயிற்று.

மறுநாள் வந்த மிஸ்திரி, “சுவருக்குள் குழாய் அடைத்துக்கொண்டது, ஓடுகளைப் பெயர்க்க வேண்டும்” என்றார். நாம் ஒரு நாள் தவணை கேட்டோம். அன்று மாலை ஷவரின் முகத்தைக் கழற்றிப் பார்த்தால், துளைகளுள் பெரும்பாலானவை பழுப்புப் பொருக்கால் மூடிக் கிடந்தன. குற்றம் சுவரில் இல்லை, நீரில் இருந்தது. ஷவர் பழுது என்று நாம் சொல்வது பலவேளைகளில் அடைப்பேயாகும். அதனை முறைப்படி தேடினால், பெயர்க்காமலே தீர்க்கலாம்.

முதலில் ஊரின் நீரை அறிதல் வேண்டும். கங்கைக் கழிமுகத்து வண்டல் நிலத்தின் அடியிலுள்ள நீரில் இரும்பு பல இடங்களில் மிகுந்துள்ளது. ஆழ்குழாயிலிருந்து வரும்போது அந்நீர் தெளிவாகவே இருக்கும். காற்றுப் பட்டவுடன் இரும்பு துருவாகிப் பழுப்புத் தூளாகப் படியும். பிளாஸ்டிக் வாளியில் பழுப்புக் கறை ஏறினால் இரும்பு உண்டென அறியலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டினால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர் என அறியலாம். இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம். உங்கள் கட்டடத்திற்கு வருவது ஆற்றுநீரா, ஆழ்குழாய் நீரா என்பதைக் காவலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து அறிய வேண்டியது அழுத்தம். நீர் தானாக விழும் வேகம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்து நீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். 1911இல் திறக்கப்பெற்ற கொல்கத்தாவின் டாலா தொட்டியை 110 அடி உயரத்தில் நிறுத்தியது இந்தக் கணக்கினால்தான். அடுக்குமாடியின் உச்சித் தளத்தில் வாழ்வோருக்கோ, தொட்டி தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால், அழுத்தம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அத்தகைய வீட்டில் அகன்ற முகமுடைய ஷவரை மாட்டிவிட்டு அருவியை எதிர்பார்த்தல் பொருந்தாது. சிறு முகமே ஏற்றது.

இனிப் பழுதைத் தேடும் முறையைக் காண்போம். எல்லாக் குழாய்களிலும் நீர் மெலிந்து வந்தால், குற்றம் தொட்டியிலோ பொது வால்விலோ இருக்கும். வெந்நீர் மட்டும் மெலிந்தால், கீசரையும் அதற்குச் செல்லும் வால்வையும் பார்த்தல் வேண்டும். ஷவர் மட்டும் மெலிந்தால், அதன் முகத்தைக் கழற்றிவிட்டு நீரைத் திறந்து பாருங்கள். வெறுங்குழாயில் நீர் பாய்ந்து வருமாயின் அடைப்பு முகத்தில் உள்ளது. அப்போதும் மெலிந்தே வருமாயின் திருகுக்குள்ளோ குழாயிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே பல வீட்டுச் சுவர்களைக் காக்கும்.

கழற்றுமுன் கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, நீரையும் மூடுக. தரையிலுள்ள வடிகாலின் மேல் ஒரு துணியை இடுக. சிறு வாஷர் உருண்டு மறையாது. ஸ்பேனரின் வாயில் துணி சுற்றினால் முலாம் கீறுபடாது. ஒரு கையால் குழாய்த் தண்டைப் பற்றிக்கொண்டு, மறு கையால் இடப்புறமாகத் திருகுக. தண்டைப் பற்றாமல் திருகினால் சுவருக்குள் இணைப்பு நெகிழ்ந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தோன்றக் கூடும். அதன் பின்னர் அண்டை வீட்டாரின் நட்பையும் பழுது பார்க்க நேரிடும்.

கழற்றிய முகத்திலுள்ள சல்லடையையும் வாஷரையும் எடுத்து வைத்து, முகத்தை வினிகரும் நீரும் சம அளவில் கலந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் ஊற வைக்கலாம். பித்தளைப் பாத்திரத்தை நம் அன்னையர் புளியால் துலக்கியதும் இதே தத்துவத்தினால்தான். புளிப்பு பொருக்கைக் கரைக்கும். சுண்ணாம்புக்கு வினிகர் போதும். இரும்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு மேலானது. பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை ஊசியால் நீக்குக. ரப்பர்த் துளைகளாயின் கட்டைவிரலால் தேய்த்தாலே போதும். முலாம் பூசிய பாகத்தை இரவு முழுதும் புளிப்பில் விடலாகாது. புளிப்புப் பொருளோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்கலாகாது. நச்சுவாயுவாகிய குளோரின் வெளிப்படும். மீண்டும் பொருத்துமுன் மரைமீது வெள்ளை டேப்பை, மரை திருகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுக.

மூடிய பின்பும் சொட்டினால் என் செய்வது? முகத்துக்குள் தங்கிய நீர் ஓரிரு நிமிடம் சொட்டுவது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால் திருகிலுள்ள வாஷரோ உட்பகுதியோ தேய்ந்தது என்க. விநாடிக்கு ஒரு துளி எனினும், லிட்டருக்கு 4,000 துளி என்ற கணக்கில், நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாகும். மிஸ்திரியை அழைப்போர் சில வங்கச் சொற்களை அறிந்திருத்தல் நன்று. குழாய் ‘கோல்’, நீர் ‘ஜோல்’, குழாய் வேலையாள் ‘கோல் மிஸ்திரி’. துளையிட்ட முகத்தை ‘ஜாஞ்ஜ்ரி’ என்றால் விளங்கிக்கொள்வர்.

கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டித் தமிழகம் செல்லும் நம்மவர்க்கு இன்னொரு சொல். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் கூடியோரிடையே கடுமையான நுரையீரல் நோய் பரவிப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டு அதன் காரணமாகிய நுண்ணுயிர் கண்டறியப்பட்டு, பின்னர் லீஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. அது தேங்கிய வெதுவெதுப்பான நீரில் பெருகி, நுண்துளிகள் வழியே மூச்சில் புகும். ஆதலின் திரும்பி வந்ததும், ஷவரின் முகத்தைக் கழற்றி, சாளரத்தைத் திறந்து, சில நிமிடம் நீரை ஓடவிட்ட பின்னரே குளித்தல் நலம். கீசரில் 60 டிகிரி சென்டிகிரேடு நீர் சில விநாடிகளில் தோலைச் சுடும். முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகே வெந்நீரைச் சேர்க்கும் வழக்கத்தை முதியோருக்கும் சிறுவருக்கும் கற்பித்தல் வேண்டும்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை முகத்தைக் கழற்றித் துலக்குவது அரை நாழிகை வேலை. பத்து லிட்டர் வாளியை ஷவரின் கீழ் வைத்து, நிறையும் நேரத்தைக் குறித்து வைத்தால், எப்போது துலக்க வேண்டுமென வாளியே கூறிவிடும். நம் வீட்டு வாளி அன்று நிறைய ஐந்து நிமிடம் ஆயிற்று. துலக்கிய பின் ஒன்றரை நிமிடம். அடுத்த சனிக்கிழமை தந்தையார் நெடுநேரம் குளித்துவிட்டு வந்து, “ஐந்தருவிக்குப் போய்வந்தாற் போல் இருக்கிறது” என்றார். அவர் குளித்து முடிக்கும் வரையில் சமையலறைக் குழாயை நாம் தொடவில்லை.